கன்னியாவில் வெந்நீர், சேர்வராயனில் தண்ணீர்

திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணற்றில் முதல் வாளியை இறைத்துத் தோளில் ஊற்றிக்கொண்ட என் அத்தை, சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "இதற்கா கண்ணு கடல் தாண்டி வந்தோம்? மார்கழியில் நம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரும் இப்படித்தானே இருக்கும்?"

பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த உள்ளூர் அம்மா ஒருவர் சிரித்துவிட்டார். "நீங்கள் ஆறின கிணற்றில் வார்த்திருக்கிறீர்கள். அந்த மூலைக் கிணற்றில் வார்த்துப் பாருங்கள்" என்றார். மூலைக் கிணற்றில் கைவிட்ட அத்தை சட்டென்று கையை உதறினார். அதற்குப் பிறகு அவரை அங்கிருந்து கிளப்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று.

சேலத்திலிருந்து திருச்சி, அங்கிருந்து விமானத்தில் கொழும்பு, கொழும்பிலிருந்து இரவு ரயிலில் திருகோணமலை. இத்தனையும் கடந்து வந்து வீட்டுக் கிணற்றை நினைத்துக்கொண்டாரே என்று எனக்கு அப்போது கொஞ்சம் வருத்தம்தான். ஊர் திரும்பிய பிறகு யோசித்துப் பார்த்தால், வெந்நீர் ஊற்றைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வியையே அத்தை கேட்டிருக்கிறார். எதற்கு மேல் போனால் அது வெந்நீர்?

சேலத்துக்குப் பக்கத்தில் அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் வீட்டுக் கிணறு அறுபது அடி. மார்கழி விடியலில் அதன் வாயிலிருந்து ஆவி எழும். வாளித் தண்ணீர் உடம்புக்கு வெதுவெதுப்பாக இருக்கும். அதே கிணறு சித்திரை உச்சி வெயிலில் சில்லென்று இருக்கும். கிணறு ஒன்றும் மாறுவதில்லை. வெப்பமானியை விட்டுப் பார்த்தால் இரண்டு மாதத்திலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான், 28 டிகிரி செல்சியஸை ஒட்டி. மாறுவது நம்மைச் சுற்றியுள்ள காற்று. மண்ணுக்குள் சில மீட்டர் இறங்கிவிட்டால் பகல் வெயிலும் இரவுக் குளிரும் எட்டுவதில்லை. அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பம் எதுவோ, ஏறக்குறைய அதுவே நிலத்தடி நீரின் வெப்பமும். அந்தச் சராசரியைவிடப் பல டிகிரி கூடுதலாக ஊறி வருவதைத்தான் புவியியலாளர்கள் வெந்நீர் ஊற்றுக் கணக்கில் சேர்க்கிறார்கள்.

இந்தக் கணக்கை ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால் வேடிக்கையாக இருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனால் காற்று சேலத்தைவிட எட்டு டிகிரி அளவுக்குக் குளிர்ந்துவிடுகிறது. அங்கே பாறையிடுக்கில் கசியும் நீர் 20 டிகிரியை ஒட்டி இருந்தால்தான் இயல்பு. எங்கள் வீட்டுக் கிணற்றின் 28 டிகிரி நீர் ஏற்காட்டில் ஊறினால் அதை வெந்நீர் ஊற்று என்று பலகை வைத்து, டிக்கெட் போட்டு, பக்கத்திலேயே மிளகாய் பஜ்ஜிக் கடையும் வந்துவிடும்.

தமிழில் இந்தச் சிக்கல் சொல்லிலேயே இருக்கிறது. தண்மையான நீர் தண்ணீர். வெம்மையான நீர் வெந்நீர். 'சுடுதண்ணீர் கொண்டு வா' என்று தினமும் கேட்கிறோமே, அது சுடுகிற குளிர்நீரைக் கேட்பதுதான்.

திருகோணமலையின் சராசரி வெப்பமும் சேலத்தைப் போல 28 டிகிரியை ஒட்டியதே. கன்னியாவின் கிணறுகள் 38 முதல் 42 டிகிரி வரை இருக்கின்றன. ஆகவே கேட்க வேண்டியது இவ்வளவுதான்: அந்தக் கூடுதல் பன்னிரண்டு டிகிரி எங்கிருந்து வந்தது? எங்களுடன் வந்தவர்களில் ஒருவர் கந்தகம் என்றார். இன்னொருவர், கீழே சுண்ணாம்பு வேகிறது என்றார். மூன்றாமவர் எரிமலை என்றார்.

கந்தகத்தைத் தள்ளிவிடலாம். பல வெந்நீர் ஊற்றுகளில் அழுகிய முட்டை நாற்றம் உண்டு. அது ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவின் வேலை. சுடுநீர் பாறையிலிருந்து கரைத்துக் கொண்டுவரும் பொருள்களில் அதுவும் ஒன்று. சூட்டின் கூட வருவது, சூட்டைத் தருவதல்ல. சுண்ணாம்பு என்று சொன்னவர் சேலத்துக்காரர் என்பதால் அவரை மன்னிக்கலாம். சேலம் நகரிலிருந்து கருப்பூர் பக்கம் போனால் வெள்ளை வெளேரென்று கரடுகள் தெரியும். வெள்ளைக்காரர்கள் அவற்றுக்குச் சுண்ணக் குன்றுகள் என்று பெயர் வைத்தார்கள். உண்மையில் அங்கே இருப்பது மாக்னசைட் என்ற மக்னீசியக் கல். வெள்ளக்கல்பட்டி என்று ஊருக்குப் பெயர் வைத்த நம்மவர்கள் கல்லைக் கல் என்றே சொல்லிவிட்டுத் தப்பித்தார்கள். சூளையில் சுட்டெடுத்த சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும், உண்மைதான். ஆனால் பூமிக்குள் இருப்பது சுடாத கல். அதன் மேல் எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் கொதிக்காது.

எரிமலை என்ற ஊகம் மட்டும் பாதி நியாயமானது. வெப்பமண்டலத் தீவு, அதில் வெந்நீர் ஊற்று என்றால் உலகத்தில் பெரும்பாலும் எரிமலைதான் காரணம். ஜாவாவிலும் பாலியிலும் அப்படித்தான். பூமிக்குள் சில கிலோமீட்டரில் பாறைக்குழம்பு இருக்கிறது, அதன் மேல் ஊறும் நீர் கொதித்துக்கொண்டு வருகிறது. நம் நாட்டில் செயல்படும் எரிமலை என்று இருப்பது ஒன்றே ஒன்று, அந்தமான் கடலில் ஆளில்லாத பாரன் தீவு. இலங்கையில் எரிமலை கிடையாது. அணைந்துபோன கூம்பு ஒன்றுகூட இல்லை. அப்படியிருந்தும் அந்தத் தீவின் கிழக்குப் பாதியில் வெந்நீர் ஊற்றுகள் வரிசையாக இருக்கின்றன. தெற்கே அம்பாந்தோட்டைப் பக்கம் மகாபெலஸ்ஸ, நடுவில் மகா ஓயா, வடக்கே கன்னியா. மகா ஓயாவின் நீர் ஐம்பது டிகிரியைத் தாண்டும்; கைவைக்க முடியாது. கன்னியா இந்த வரிசையில் சாது.

எரிமலை இல்லாமல் சூடு எப்படி? இதற்குப் பதில் சொல்ல எங்கள் பாட்டி வீட்டுத் தாமிர பாய்லரைத்தான் கொண்டுவர வேண்டும். தேநீர்க் கடைகளில் பார்த்திருப்பீர்கள். பெரிய வீடுகளில் குளிப்பதற்கும் இருந்தது. நடுவில் ஒரு குழாய், அதில் கரி கனன்றுகொண்டிருக்கும். சுற்றிலும் நீர். மேலே புனல் போன்ற ஒரு வாய், பக்கத்தில் வளைந்த மூக்கு. வெந்நீர் வேண்டுமென்றால் திருகு எதையும் திருக வேண்டாம். புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அது அடிக்கு இறங்கி, மூக்கு வழியாக ஒரு சொம்பு வெந்நீரை வெளியே தள்ளும். ஊற்றிய நீரே உடனே சூடாகி வருவதாகச் சின்ன வயதில் நினைத்து வியந்திருக்கிறேன். வருவது முன்னால் ஊற்றி வெந்துகொண்டிருந்த நீர்.

கன்னியாவும் அதே பாய்லர்தான். வேண்டியவை நான்கு: மேலே மழையைப் பிடிக்கும் புனல், கீழே கனல், அடிவரை இறங்கும் குழாய், திரும்பி வர ஒரு மூக்கு. இதில் ஒன்று குறைந்தாலும் வெந்நீர் வராது.

கனலை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது எல்லா ஊரிலும் இருக்கிறது. பூமி உருவான காலத்து வெப்பம் இன்னும் உள்ளே மிச்சமிருக்கிறது. போதாததற்குப் பாறைகளில் சிறிதளவு கலந்திருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவு ஓயாமல் சூட்டை ஊட்டிக்கொண்டே இருக்கிறது. கீழே போகப் போக வெப்பம் ஏறும். உலகச் சராசரியாக ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு 25 முதல் 30 டிகிரி. தென்னிந்தியா போன்ற பழம்பாறை நிலங்களில் இதில் பாதிதான் இருக்கும்.

அதற்கு ஓர் அளவுகோல் நம் பக்கத்திலேயே உண்டு. கோலார் தங்க வயல். வட ஆற்காட்டிலிருந்தும் தருமபுரிப் பக்கத்திலிருந்தும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் இறங்கி உழைத்த சுரங்கம். 2001இல் மூடப்படும்போது சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம் போயிருந்தது. அந்த அடியாழத்தில் பாறையின் வெப்பம் 65 டிகிரிக்கு மேல். குளிர்விக்கப்பட்ட காற்றை மேலிருந்து அனுப்பித்தான் ஆட்கள் வேலை செய்தார்கள். மேற்பரப்புச் சராசரியைக் கழித்துவிட்டு வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு டிகிரி வருகிறது. அதாவது கன்னியாவின் கூடுதல் பன்னிரண்டு டிகிரியைப் பெற, கோலார்க் கணக்குப்படி ஒரு கிலோமீட்டர் இறங்கினால் போதும். வரும் வழியில் ஆறிப்போவதையும் மேல்நீர் கலப்பதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் ஆழம். அவ்வளவுதான் சங்கதி. அதில் எரிமலைக்கு வேலை இல்லை.

இதை என் மாமாவிடம் சொன்னபோது அவர் வியக்கவே இல்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் முப்பது வருடம் ஓடியவர். திருச்செங்கோட்டு வண்டி போகாத மாநிலம் இந்தியாவில் இல்லை என்பார்கள். மாமா ராஜஸ்தான்வரை போய்க் குழி போட்டிருக்கிறார். "முந்நூறு அடியில் வரும் தண்ணீரும் ஆயிரத்து இருநூறு அடியில் வரும் தண்ணீரும் ஒன்றா மாப்பிள்ளை? தொட்டாலே தெரியுமே" என்றார். அவரைப் பொறுத்தவரை இது பாடமல்ல, பழக்கம். ஆழத்துத் தண்ணீருக்கு ஒரு வெதுவெதுப்பு உண்டு. அதைக் கொண்டே ஊற்று மேலேயா கீழேயா என்று சொல்லிவிடுவாராம். நான் கொஞ்சம் சந்தேகப்பட்டேன். கம்ப்ரசர் காற்று ஊதித் தள்ளும் நீர் அந்தக் காற்றாலேயே சூடாகியிருக்காதா? "அதனால்தான் அப்போது தொட மாட்டேன். மோட்டார் இறக்கி ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுத் தொடுவேன்" என்றார். ஆராய்ச்சியாளர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

ஆக, கனல் நம் காலுக்குக் கீழேயும் இருக்கிறது. புனலும் இருக்கிறது; ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையே புனல். சேலம் நகரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மழை மலைமேல் பெய்கிறது. அப்படியானால் அயோத்தியாப்பட்டணத்திலோ அடிவாரத்திலோ ஏன் ஒரு வெந்நீர்க் கிணறு இல்லை?

முதலில் கல்லைப் பற்றி. ஏற்காட்டு மலை முழுக்கச் சார்னோக்கைட் என்ற கருநிறக் கல். இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கல்லறை இருக்கிறது. கல்கத்தா நகரைத் தொடங்கியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் சமாதிக் கல் இதே இனத்தைச் சேர்ந்தது, சென்னைப் பல்லாவரம் பக்கத்திலிருந்து போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அதைக் கவனித்து இந்தப் பெயரைச் சூட்டினார். சேர்வராயனின் கல் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையானது. பூமியின் மேலோட்டின் அடிப்பகுதியில், 700 டிகிரிக்கு மேல் வெந்து உருவான கல். அப்படி வெந்தபோது யுரேனியம், தோரியம் போன்றவற்றில் பெரும்பகுதியை இழந்துவிட்டது. அதனால் இன்று அது தன் பங்குக்குச் சூடு தருவது மிகக் குறைவு. ஒரு காலத்தில் உலையாக இருந்த கல், இப்போது தென்னிந்தியாவின் குளிர்ந்த கற்களில் ஒன்று.

ஆனால் இதையே முழுக் காரணமாகச் சொல்லிவிட முடியாது. இலங்கையின் மத்திய மலைப் பகுதியிலும் சார்னோக்கைட் உண்டு. கண்டி போகும் வழியில் சாலையோரம் வெட்டிய பாறையைப் பார்த்தால் ஏற்காட்டு மலைப்பாதைதானோ என்று தோன்றும். இந்தியாவும் இலங்கையும் மடகாஸ்கரும் அண்டார்க்டிகாவும் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக ஒட்டிக்கிடந்த காலத்து உறவு அது. அந்தக் கல் இறுதியாக வெந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன். வயதில் நம் கல்லுக்குப் பேரப் பிள்ளை. ஆனாலும் இனம் ஒன்று.

வேறுபாடு தையலில் இருக்கிறது. இலங்கையின் மத்திய மலைப் பாறையும், கிழக்கே இருக்கும் விஜயன் தொகுதி என்ற பாறையும் வேறு வேறு துண்டுகள். கோண்டுவானா சேர்ந்த காலத்தில் மலைப் பாறை கிழக்குப் பாறைமேல் ஏறி உட்கார்ந்தது. அந்த இரண்டும் சேரும் எல்லையை வரைபடத்தில் போட்டு, அதன்மேல் வெந்நீர் ஊற்றுகளைப் புள்ளி வைத்துப் பாருங்கள். அம்பாந்தோட்டை முதல் திருகோணமலைவரை புள்ளிகள் எல்லாம் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். தையல் பிரிந்த இடங்களில் பாறை நொறுங்கியிருக்கிறது, வெடிப்புகள் ஆழமாக இறங்குகின்றன. மேட்டில் பெய்த மழை அந்த வெடிப்புகளில் இறங்கிச் சூடேறி, சூடானதால் எடை குறைந்து, மேலிருந்து அழுத்தும் குளிர்நீரால் தள்ளப்பட்டு, தாழ்வான இடத்தில் மூக்கு கிடைத்ததும் வெளியே வருகிறது.

சேலத்துக்கும் தையல் இல்லாமல் இல்லை. மோயாறு, பவானி என்று மேற்கிலிருந்து வந்து சேலம் வழியாக ஆத்தூர்ப் பக்கம் போகும் பெரிய பிளவுப் பட்டை உலகப் புவியியலாளர்கள் வந்து ஆராய்கிற அளவுக்குப் பேர்பெற்றது. ஆனால் அந்தப் பிளவு அசைந்தது பூமியின் வெகு ஆழத்தில், கல் இளகியிருந்த காலத்தில். உடைந்த எலும்பு கூடிவிட்டதைப் போலப் பெரும்பாலும் மூடி இறுகிவிட்டது. குழாய் இருந்த இடம் இருக்கிறது, ஓட்டை அடைந்துவிட்டது. நம் பக்கத்துக் கடும்பாறையில் வெடிப்புகள் சில நூறு அடிகளுக்குள்தான் தாராளமாகக் கிடைக்கின்றன. கீழே போகப் போக அருகிவிடும். ஆயிரம் அடிக்குக் கீழே தண்ணீர் இல்லாமல் கல்தூள் புகை மட்டும் வந்தால் வீட்டுக்காரர் முகம் எப்படி மாறும் என்பதை மாமாவைக் கேட்டால் நடித்தே காட்டுவார்.

அப்படியானால் சேர்வராயன்மேல் விழும் மழை எங்கே போகிறது? தூரம் போவதில்லை. மலையுச்சியில் சார்னோக்கைட் மழையில் கரைந்து கரைந்து செம்மண்ணாகவும் பாக்சைட்டாகவும் மாறிக் கிடக்கிறது. அது பஞ்சுபோல நீரைக் குடித்துக்கொள்ளும். அடியில் இறுகிய பாறையைத் தொட்டதும் நீர் பக்கவாட்டில் நகர்ந்து சரிவில் எங்காவது கசியும். காப்பித் தோட்டங்களுக்குள் இருக்கும் சுனைகள் இப்படி வந்தவை. அவை ஓடையாகி, கிளியூர் அருவியில் விழுந்து, சில திருமணிமுத்தாறாகிச் சேலத்துக்குள் வருகின்றன. (திருமணிமுத்தாறு இன்று நகரத்துக்குள் என்ன கோலத்தில் ஓடுகிறது என்பதை இங்கே சொல்லி வயிற்றெரிச்சலைக் கிளப்ப விரும்பவில்லை.) மழை மண்ணில் புகுந்து வெளியே வரச் சில மாதங்கள், மிஞ்சினால் சில ஆண்டுகள். சூடேறுவதற்கு அந்த நீர் அடுப்பங்கரைப் பக்கமே போகவில்லை. சேர்வராயன் குகைக் கோயிலில் காவேரியம்மனையும் சேர்த்து வைத்துக் கும்பிடுகிறார்களே, அந்த மலைக்காரர்களுக்கு மலை என்றாலே நீர்தான், குளிர்ந்த நீர்.

குளிர்ந்ததால் அதற்கு மதிப்புக் குறைவு என்றும் இல்லை. சேலத்துக்கு மேற்கே கஞ்சமலைச் சித்தர் கோயிலில் அமாவாசைக்கு அமாவாசை கூட்டம் அலைமோதும். இரும்புத் தாது நிறைந்த மலை. அதன் அடியில் ஊறும் நீரில் குளித்தால் தோல் நோய் தீரும் என்று நம்பி வருகிறார்கள். இலங்கையிலும் இப்படி ஓர் இணை உண்டு. யாழ்ப்பாணத்தில் கீரிமலைக் கேணி, நகுல முனிவரின் கீரிமுகம் மாறிய இடம் என்பது கதை. அது கடலோரச் சுண்ணாம்புக் கல்லின் பொந்துகள் வழியாக வேகமாக ஓடி வரும் மழைநீர், ஆகவே குளிர்ந்தது. ஒரே தீவில் கீரிமலைக்குத் தண்ணீர், கன்னியாவுக்கு வெந்நீர். இரண்டிலும் முன்னோருக்கான கிரியைகள் செய்து நீராடுகிறார்கள். சூடு வைத்துப் புனிதம் அளக்கப்படுவதில்லை.

கன்னியாவின் கதை இராவணனுடையது. இராவணனின் தாய் இறந்துவிட்டாள். அவளுடைய கருமக் கிரியைக்கு நீர் வேண்டும். நிலத்தில் ஏழு இடங்களில் ஊன்ற ஏழு ஊற்றுகள் பீறிட்டன. இராவணனே வாளால் குத்தினான் என்பது ஒரு பாடம். முதியவர் வேடத்தில் வந்த திருமால் தடியால் ஊன்றினார் என்பது இன்னொரு பாடம். திருகோணமலைத் தமிழர்கள் இறந்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிக்கும் ஆடி அமாவாசைக்கும் அங்கே வருவது இந்தக் கதையின் தொடர்ச்சி. நீராடிவிட்டு உல்லாசப் பயணிபோலப் படம் எடுத்துக்கொண்டிருந்த நான், பக்கத்தில் மொட்டையடித்த ஒரு பையன் கண் சிவந்து நிற்பதைப் பார்த்ததும் செல்பேசியைப் பையில் போட்டுவிட்டேன். அங்கே போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. இந்த இடம் யாருடையது என்ற வழக்கும் நெடுநாளாக உண்டு. பழைய பிள்ளையார் கோயில் இருந்த இடத்தில் பௌத்த விகாரை எழுப்பும் முயற்சியை எதிர்த்து 2019 ஜூலையில் தமிழர்கள் திரண்டு போராடினார்கள்; வழக்கு நீதிமன்றம்வரை போயிற்று. ஏழு சிறு தொட்டிகளுக்கு இவ்வளவு பாரம்.

தொட்டிகள் என்றுதான் சொல்ல வேண்டும். கிணறு என்றதும் நம் கண்முன் வரும் ஆழமும் ராட்டினமும் அங்கே இல்லை. கட்டப்பட்ட சதுரங்கள், மூன்று நான்கு அடி ஆழம், அடியில் கிடக்கும் நாணயம்வரை தெரியும் தெளிவு. உள்ளே இறங்கக் கூடாது. வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். ஒன்றுக்கொன்று சில அடி தூரம்தான், ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சூடு. கீழிருந்து வரும் வெந்நீர் ஒன்றே. மேல்மண்ணில் இருக்கும் குளிர்நீர் எந்தக் கிணற்றில் எவ்வளவு கலக்கிறது என்பதில்தான் வேறுபாடு. நாம் குளிப்பதற்கு விளாவிக்கொள்வதைப் போல. அத்தை முதலில் ஊற்றிக்கொண்டது அதிகம் விளாவிய கிணறு.

இதை மருந்தாகக் குடிக்கலாமா என்று ஊரில் பலர் கேட்டார்கள். வேண்டாம். ஆழத்தில் நெடுங்காலம் சூடான பாறையோடு கிடந்த நீர், பாறையில் உள்ளதையெல்லாம் கரைத்துக்கொண்டு வருகிறது; இலங்கை வெந்நீர் ஊற்றுகளில் ஃபுளோரைடு அதிகம். ஃபுளோரைடு என்றால் என்னவென்று தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பற்களில் காவி ஏறி, முட்டி வளைந்தவர்கள் வாழ்ந்த மாவட்டங்கள். காவிரி நீரைக் கொண்டுபோன ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்பது சேர்ந்திருக்கிறது. கல்லோடு நீர் அதிக நாள் தங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஆழ்குழாய்க் கிணறும் வெந்நீர் ஊற்றும் ஒரே பதிலைத்தான் தருகின்றன.

இன்னோர் எச்சரிக்கை மூக்குக்கு. கேரளத்தில் சில ஆண்டுகளாகப் பேசப்படும் மூளையைத் தாக்கும் அமீபா, வெதுவெதுப்பான நன்னீரில் வாழக்கூடியது. குடித்தால் அல்ல, மூக்கின் வழி ஏறினால்தான் ஆபத்து. அரிது, ஆனால் வந்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. உலகில் எந்த வெந்நீர் ஊற்றிலும் தலையை முக்காமல், மூக்கில் நீர் ஏறாமல் குளிப்பது அறிவுடைமை. இதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் மிகச் சூடான நீரில் நெடுநேரம் நிற்கக் கூடாது என்பது தனி.

சிங்கப்பூரில் இருக்கும் சேலத்துக்காரர்களுக்கு இவ்வளவு பயணம் தேவையில்லை. அந்தச் சின்னத் தீவின் வடக்கில் செம்பவாங்கில் ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. அதுவும் எரிமலை இல்லாதது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியே தெரியவந்து, இடையில் அந்த நீரைப் புட்டியில் அடைத்தும் விற்றிருக்கிறார்கள். 2020 ஜனவரியில் பூங்காவாக்கித் திறந்தார்கள். ஊறும் இடத்தில் நீர் சுமார் 70 டிகிரி. அதைப் படிப்படியாக ஓடவிட்டு ஆற்றி, கடைசித் தொட்டியில் கால் நனைக்க விடுகிறார்கள். அந்தச் சுடுநீரில் முட்டையை அவித்துத் தின்கிறவர்களின் வரிசை கால் நனைப்பவர்களின் வரிசையைவிட நீளமானது என்று அங்கிருக்கும் என் நண்பன் சொல்கிறான்.

கன்னியாவுக்குச் சேலத்திலிருந்து போக நினைப்பவர்கள் ஐப்பசி முதல் தை வரை தவிர்த்துவிடலாம். அந்தக் கரையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். மேல்நீர் அதிகம் கலந்து கிணறும் ஆறிப்போயிருக்கும். சித்திரை தொடங்கி ஆவணிவரை நல்ல காலம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டிருக்கிறார்கள். கடல் ஒத்துக்கொள்கிறவர்கள் அதில் போய் யாழ்ப்பாணத்தைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திருகோணமலை வரலாம். கீரிமலைத் தண்ணீரில் ஒருநாள், கன்னியா வெந்நீரில் ஒருநாள் என்று குளித்துப் பார்த்தால் இந்தக் கட்டுரையே தேவைப்படாது. திருகோணமலை நகரிலிருந்து அநுராதபுரம் சாலையில் சுமார் 8 கிலோமீட்டர்தான். விடியற்காலையில் போய்விட வேண்டும். மதியத்துக்குள் பள்ளிக்கூடச் சுற்றுலா பஸ்கள் வந்து சேர்ந்துவிடும். வெயில் ஏறியபின் வெந்நீரில் என்ன சுகம்?

போன மாதம் மாமா ஆத்தூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் போட்ட குழியில் 1,340 அடியில் தண்ணீர் வந்திருக்கிறது. மேல் ஊற்றுகள் எல்லாம் வற்றிப்போன இடம். வருவது முழுக்க அடித் தண்ணீர். மோட்டார் இறக்கி, ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பேத்திக்குக் காய்ச்சல் பார்க்க வாங்கிய கருவி கை கொடுக்காது என்று தனியாக வாங்கி வைத்திருந்த கண்ணாடி வெப்பமானியை விட்டுப் பார்த்தாராம். "முப்பத்து மூன்று காட்டுகிறது மாப்பிள்ளை. கன்னியாவுக்கு இன்னும் எத்தனை அடி?" என்று செல்பேசியில் கேட்டார்.

கோலார்க் கணக்கை வைத்துப் போட்டுப் பார்த்தேன். இன்னும் ஏழு டிகிரி, அறுநூறு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஏறக்குறைய ஆயிரத்துத் தொள்ளாயிரம் அடி என்றேன்.

"அதற்கு வண்டியில் ராடு இல்லை" என்றார் மாமா. பின்னால் மோட்டார் சத்தத்தை மீறி, தோப்புக்காரர் யாரையோ கூப்பிட்டு வாய்க்காலைத் திருப்பிவிடச் சொல்லிக்கொண்டிருந்தார்.